மூன்றாவது பெல்ட்

மச்சினனின் வலது மணிக்கட்டை முட்டி என்கிறவன் உடைத்தது பட்டப்பகலில், தன் வீட்டுப் படுக்கையறையில், தானே விரித்த கார்பெட்டின் மேல். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டதாக மனைவி பிறகு சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. கோபம் வந்தால் அவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும். கோபமோ அவனுக்குத் தினமும் வரும்.

முட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கார்பெட் போடுகிறவர்களிடம் ஒரு கருவி உண்டு. ஒரு முனையில் பல் வைத்த தகடு, மறுமுனையில் சின்னத் திண்டு. பல்லைக் கார்பெட்டில் ஊன்றித் திண்டை முழங்காலால் ஓங்கி இடித்தால் கார்பெட் விரல்கடை நகர்ந்து, சுவரோரத்து ஆணிப் பட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். ஓர் அறைக்கு நூறு இடி, நூற்றைம்பது இடி. மாட்டவில்லை என்றால் அந்தத் தொழிலில் யோசிக்க ஒன்றும் இல்லை, இன்னும் இரண்டு இடி இடிக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் அப்படி இடித்ததில் அவனுடைய வலது முழங்கால் வீங்கி, கறுத்து, தனி ஆள் மாதிரி ஆகிவிட்டது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த முழங்காலை அவன் கார்பெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கார்பெட் சுருளின் மேல் வண்டியைப் பின்னால் ஏற்றிய லாரி டிரைவருக்கு ஒரு முறை கொடுத்தான். கூலியைப் பற்றி இளக்காரமாகப் பேசிய மேஸ்திரிக்கு ஒரு முறை கொடுத்தான். மாடிக் குழாய்த் தண்ணீருக்காக எதிர்வீட்டுக்காரனுக்கு இரண்டு முறை. இவ்வளவும் செய்துவிட்டு, "இவ மேல மட்டும் என் கை பட்டதில்ல" என்று ஊரெல்லாம் மார்தட்டிக்கொள்வான். உண்மைதான். மனைவிக்குப் பக்கத்தில் இருந்த கதவு, அவள் கையில் இருந்த தட்டு, அவள் தூக்கி வந்த குடம் இவற்றின் மேல்தான் பட்டிருக்கிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று அவளுக்குப் பதினோரு வருஷமாகப் புரியவில்லை. அவள் வாய்திறந்து கேட்டதும் இல்லை.

ஆசை இல்லாத ஆள் என்று அவனைச் சொல்ல முடியாது. அவள் வீட்டிலேயே குழந்தைகள் உடுப்பு தைத்துக் கொடுப்பவள். படுக்கையறை ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மெஷின். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். வெறும் சிமெண்டுத் தரையில் அவள் பாதம் சில்லிட்டுக் கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான். ஒரு லாட்ஜில் நாற்பது அறைக்குக் கார்பெட் போட்டபோது மிஞ்சிய சுருளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். நல்ல தடிமனான கார்பெட். அடியில் விரிக்க விரல் கனத்துக்கு ரப்பர் மெத்தையும் கிடைத்தது. பெயிண்டரான மச்சினனைக் கூப்பிட்டுச் சுவருக்கும் கதவுக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கச் சொன்னான். எல்லாம் முடிந்து அவள் செருப்பைக் கழற்றி முதல் அடி வைத்தபோது முட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே, "என்ன பெயிண்ட் அடிச்சிருக்க, மூலையில திட்டுத் திட்டா" என்று மச்சினனைத் திட்டிச் சமாளித்துக்கொண்டான்.

அந்த வருஷம் மழை வலுத்தது. ஜன்னல் சட்டத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கி, அறையில் ஈரவாடை பிடித்துக்கொண்டது. முட்டிக்கு அதற்கு மருந்து தெரியும். லாட்ஜில் சிகரெட் நாற்றம், ஈரவாடை எல்லாவற்றுக்கும் வாசனை மெஷின் என்று ஒன்றை வைப்பார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு விசிறியும் நீல வெளிச்சமும். போட்டால் இடி விழுந்த இடத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு நெடி வரும். ஆள் இல்லாத அறையை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ஜன்னலைத் திறந்து அரை நாள் காற்றோட விடுவது வழக்கம். முட்டி பார்த்ததெல்லாம் முதல் பாதியைத்தான். பிற்பாதியின் போது அவன் அடுத்த அறையில் முழங்காலால் இடித்துக்கொண்டிருப்பான்.

லாட்ஜிலிருந்து ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி வந்து வைத்தான். ஜன்னலை இறுகச் சாத்தினான். வாடை போயே போய்விட்டது. நான்கு நாள் ராஜா மாதிரி நடந்தான். ஐந்தாம் நாள் வேறொரு வாடை வந்தது. ஜாடியின் அடியில் தங்கிக் காறிப்போன எண்ணெயின் வாடை, கொஞ்சம் தித்திப்பும் கலந்தது. ஒரு மணி நேரம் போதவில்லை என்று மூன்று மணி நேரம் போட்டான். வாடை கூடியது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அணைத்தான். இன்னும் கூடியது. இடித்தும் உட்காராத கார்பெட்டை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அவள் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த மெஷின் ஓடுற அன்னிக்குத்தான் எனக்குத் தொண்டை அரிக்குது. கண்ணுல தண்ணி தண்ணியா வருது."

"நாத்தத்தைப் போக்குற மெஷின் எப்படிடி தொண்டையை அரிக்கும்? காலையில எந்திரிச்சதும் ஒரு குறை சொல்லலன்னா உனக்குச் சோறு இறங்காதா?"

"குறை சொல்லலீங்க. ஜன்னலையாவது திறந்து வைக்கிறேனே."

"திறந்தா மெஷின் காத்து வெளிய போயிடும். சும்மா ஓடுறதுக்கா தூக்கிட்டு வந்தேன்?"

"தையல் மெஷின் பெல்ட்டும் வெடிச்சுப்போச்சு. போன மாசம்தான் மாத்தினேன். இது ரெண்டாவது."

"உனக்கு மாட்டத் தெரியல. வெறி பிடிச்ச மாதிரி இழுத்து மாட்டுற."

"பதிமூணு வருஷமா நான்தாங்க மாட்டுறேன். ஒரு பெல்ட் நாலு வருஷம் வரும்."

அவன் கையில் இருந்த தட்டு சுவருக்குப் போனது. புதுப் பெயிண்டில் பிறைமாதிரி ஒரு காயம். தொண்டை அரிப்பைப் பற்றி அதற்குப் பிறகும் அவள் சொல்லிப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தி, நேரம் பார்த்து. உடுப்புக்கு வாங்கி வைத்த எலாஸ்டிக்கெல்லாம் இழுவை விட்டுப்போகிறது என்றும் சொன்னாள். அவனுக்கு அது முனகலாகவே விழுந்தது.

மூன்றாவது பெல்ட் மாட்டிய மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், தையல் மெஷினின் காலைப் பிடித்தபடி அவள் கார்பெட்டில் கிடப்பதைப் பார்த்தான். மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சுக்கூடு மேலேறுகிறது, காற்று இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன முழங்காலோடு மூன்று மாடி இறங்கினான். எதிரில் வந்த ஒருவனை இடித்துத் தள்ளினான். ஆட்டோக்காரனின் சட்டையைப் பிடித்து, "ஓட்டுறா! செத்தா உன்னைக் கொன்னுடுவேன்" என்று கத்தினான். அந்த ஆட்டோக்காரன் என்ன பாவம் செய்தான்? ஆனால் அவன் ஓட்டிய ஓட்டில்தான் அவள் பிழைத்தாள்.

டாக்டர் மூச்சுக்கு மருந்து கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல புதுசா பெயிண்ட் ஏதாவது அடிச்சீங்களா?"

முட்டிக்கு அது போதும்.

இரண்டு நாள் கழித்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து முன்னறையில் படுக்க வைத்தான். மச்சினனை வரச்சொன்னான். அக்காவைப் பார்க்க அவன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். முட்டி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் படுக்கையறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"மோந்து பாருடா. என்ன நாத்தம் இது?"

"ஆமா மாமா. காறல் நாத்தம். பெயிண்ட் நாத்தம் இப்படி இருக்காது."

"என் கிட்ட கதை விடாத. நல்ல டப்பாவை வெளிய வித்துட்டு மட்டமானதை என் சுவத்துல பூசியிருக்க. உன் அக்கா சாகக் கிடந்தாடா!"

"நீங்க வாங்கிக் கொடுத்த டப்பாதான் மாமா, மூடிகூட உங்க முன்னாடிதான திறந்தேன்? இதென்ன, மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு? எனக்கே மூக்கு எரியுது. முதல்ல இதை நிறுத்துங்க."

அவன் குனிந்து வலது கையைச் சுவிட்சை நோக்கி நீட்டினான். முட்டிக்குக் காது அடைத்தது. பேச்சை மாற்றுகிறான், என் வீட்டில் என் சாமான் மேல் கை வைக்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது. பின்கழுத்தில் ஒரு குத்து விட்டான். மச்சினன் குப்புற விழுந்தான். நீட்டிய கை கார்பெட்டில் நீட்டியபடியே கிடந்தது. முட்டி இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் முழங்காலைத் தூக்கி அதன் மேல் இறக்கினான். உட்காரவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு முறையும் இறக்கினான்.

பிரஷ் பிடிக்கிற கை. கதவுச் சட்டத்தில் முடி அளவு கோட்டை நாடா ஒட்டாமல் இழுக்கிற கை அது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். கத்தவில்லை. தம்பியைத் தூக்கி, அவன் கையைத் தன் முந்தானையில் கட்டி, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கியபடி மாடிப்படி இறங்கினார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வரவில்லை. தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு அறை, கீழே சிமெண்டு, சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவனுக்குத் தன் சுவருக்கு அடிக்க நேரம் கிடைக்கவில்லை. பத்தே நாளில் இருமல் நின்றது, இரண்டு மாடி ஏறி இறங்குகிறாள் என்று எதிர்வீட்டுக்காரன் வந்து சொன்னான். அடி வாங்கினவன்தான், சொல்வதில் ஒரு திருப்தி அவனுக்கு. "என் வீட்டுல முட்டுற மூச்சு அங்க மட்டும் முட்டலையாமா?" என்று முட்டி குளியலறைக் கதவில் குத்தினான். பலகை பிளந்தது, விரலும் பிளந்தது. அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. அவள் வரும்போது அறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று மெஷினை விடாமல் ஓடவிட்டான். அவனுடைய பாசம் இந்த லட்சணத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில் லாட்ஜிலிருந்து ஆள் வந்தது. கூப்பிட்டதும் போனான். லாட்ஜுக்குள் நுழையும்போதே முட்டிக்கு மூக்கில் ஏறியது. அதே காறல், அதே தித்திப்பு, நாற்பது அறைக்கு நாற்பது பங்கு. மேனேஜர் மேஜைக்குப் பின்னால் நின்று ஆரம்பித்தார்.

"அடி மெத்தைக்கு என்னய்யா பசை போட்டு ஒட்டியிருக்க? ஆறு மெஷின் வாங்கி ரூம் ரூமா ஓட்டுறேன், ஓட்ட ஓட்ட நாறுது. உன் வேலை புளிச்சுப்போன வேலைய்யா."

முட்டி மேஜைக்கு மேலாகவே அவரைப் பிடித்து இழுத்தான். சாவிகள் சிதறின. மேனேஜரின் கன்னம் மேஜைப் பலகையில் அமுங்கியிருக்க, முழங்கால் மேலே எழும்பிவிட்டது.

"அவரை விடுங்க."

மாடிப்படியில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். கையில் சின்னப் பெட்டி. கட்டடத்துக் காற்றைப் பரிசோதிக்க முதலாளி வரவழைத்தவர். அடிதடி பார்த்துப் பயப்படுகிற முகமாக இல்லை.

"தப்பு உங்க பசையில இல்ல. அவரை விட்டுட்டு மேல வாங்க, காட்டுறேன்."

உன் பேரில் தப்பு இல்லை என்று ஒருவர் சொன்னதும் முட்டியின் காது திறந்துகொண்டது. மேனேஜரை விட்டுவிட்டு மாடி ஏறினான்.

பதினான்காம் அறையில் ஒரு மரப் பலகை வைத்திருந்தார். இரண்டு ஆணிக்கு நடுவே இறுக்கி மாட்டிய ரப்பர் வளையம் ஒன்று, பக்கத்தில் சும்மா கிடந்த வளையம் ஒன்று. நேற்று இரண்டும் ஒரே பொட்டலத்தில் இருந்து எடுத்தவை.

"கிட்ட வந்து பாருங்க. மெஷின் பக்கத்துல ஒரு நாள் வச்சேன்."

இறுக்கி மாட்டியதில் குறுக்குக் குறுக்காகப் பொடிப்பொடி வெடிப்புகள். சும்மா கிடந்தது புதுசு மாதிரியே இருந்தது.

"இந்த மெஷின்ல இருந்து வர்றது ஓசோன்னு ஒரு வாயு. எதைத் தொட்டாலும் கடிக்கும். இழுத்து நிக்கிற ரப்பரைச் சீக்கிரமா கடிச்சிடும். வாசனையைக் கடிச்சு மாத்துறது நெசம்தான். ஆனா அதோட நிறுத்தாது. கார்பெட்டைக் கடிக்கும், அடியில இருக்கிற ரப்பரைக் கடிக்கும், எண்ணெய்ப் பெயிண்டைக் கடிக்கும். கடிச்ச இடத்துல இருந்து வேற வாயு கிளம்பும். அந்தக் காறல் நாத்தம் அதுதான். தொண்டையை அரிக்கும், கண் எரியும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அதுல சேரும். நெஞ்சு பலவீனமா இருந்தா ஆளையே சாய்ச்சிடும். நாத்தம்னு இன்னும் ஓட்டினா இன்னும் கடிக்கும், இன்னும் நாறும்."

"வெறும் சிமெண்டுத் தரை, சுண்ணாம்புச் சுவரு..."

"அதுங்களும் ஓசோனை இழுக்கும். ஆனா இந்த அளவு எதையும் திருப்பித் துப்பாது."

முட்டி அந்த ரப்பர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டு?" என்றான்.

"எந்த பெல்ட்?"

"தையல் மெஷின் பெல்ட்டு. ரப்பர். இழுத்து மாட்டியிருக்கும். மூணு மாசத்துல மூணாவது மாட்டியாச்சு."

"இந்த மாதிரி மெஷின் ஓடுற ரூம்லயா?"

"ஆமா."

"ஓடும்போது ஜன்னலைச் சாத்திட்டு ஆள் வெளியில இருந்தாங்க இல்ல?"

முட்டி திரும்பி நடந்தான். படி இறங்கும்போது மேனேஜர் ஒதுங்கிக்கொண்டார். அவரை அவன் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போய் முதலில் மெஷினைச் சுத்தியலால் அடித்தான். விசிறி தெறித்தது, நீல விளக்கு உடைந்தது, தகரம் சப்பையாகி வாயை மூடிக்கொண்ட பிறகும் அடித்தான். ஜன்னலைத் திறக்கப் போனான், மழையில் ஊறிய சட்டம் வரவில்லை, கண்ணாடியோடு உடைத்துத் தள்ளினான். கார்பெட்டின் மூலையைப் பிடித்து இழுத்தான். நூறு இடி இடித்து மாட்டியது லேசில் வருமா? கத்தி எடுக்கத் தோன்றவில்லை, வெறுங்கையால் கிழித்தான். ஆணிப் பட்டை இரண்டு உள்ளங்கையையும் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட ரப்பர் மெத்தையைப் பாளம் பாளமாகப் பிய்த்து ஜன்னல் வழியாகக் கீழே எறிந்தான். "எருமை, எருமை" என்று சொல்லிக்கொண்டே எறிந்தான். தெருவில் இருந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறான் என்று விலகி ஓடினார்கள்.

தையல் மெஷினை நகர்த்தியபோது அதன் இழுப்பறை தானாகத் திறந்தது. உள்ளே ஒரு துணித்துண்டில் முடிந்து இரண்டு பெல்ட். மூன்றாவது சக்கரத்திலேயே இருந்தது. மூன்றிலும் குறுக்குக் குறுக்கான வெடிப்பு. என்றைக்காவது அவன் கேட்பான், காட்டலாம் என்று எடுத்து வைத்திருக்கிறாள். அவன் வெறும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

மூன்று பெல்ட்டையும் கையில் சுற்றிக்கொண்டு மச்சினன் வீட்டுக்கு நடந்தான். கதவைத் திறந்தவன் மச்சினன். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு.

"தப்பு பெயிண்ட்ல இல்லடா. மெஷின்ல. நான் வச்ச மெஷின்ல. நீ நிறுத்தத்தான் கையை நீட்டுன. அடிடா என்னை."

"போயிடுங்க மாமா."

"அடிடா!"

மச்சினன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி வீசினான். பெயிண்டர் கை என்றாலும் கட்டு கல் மாதிரி இருந்தது. முட்டியின் உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. மச்சினன் தன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலியில் குனிந்துவிட்டான்.

"வலிக்குதா?" என்று மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"வலிக்குது."

"எனக்கு இதைவிட. டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா? பழைய மாதிரி வளையாதாம்."

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அவன் உதட்டையோ கையையோ அவள் பார்க்கவில்லை, பெல்ட்டைத்தான் பார்த்தாள். அவன் லாட்ஜையும் அந்த அம்மாளையும் ரப்பர் வளையத்தையும் மூச்சு விடாமல் சொன்னான். அறையைப் பிய்த்துப் போட்டதைச் சொன்னான். "வந்துடு. இனி வெறும் தரைதான், சுண்ணாம்பு அடிச்சிடுறேன்" என்றான்.

அவள் பெல்ட்டை வாங்கி விரலில் வளைத்தாள். வெடிப்புகள் வாய் திறந்தன.

"ரப்பர் சொன்னதும் நம்பிட்டீங்க" என்றாள். "இதையேதான நான் மூணு மாசமா சொன்னேன்? தொண்டை அரிக்குதுன்னு வாயால சொன்னேனே. நான் சொன்னா ஏன் கேக்கல?"

முட்டி இரண்டு கையையும் பார்த்தான். அடிக்க ஒன்றும் இல்லை, அடிக்கத் தோன்றவும் இல்லை. காது மட்டும் அடைக்காமல் இருந்தது.

"இப்ப சொல்லு" என்றான். "கேக்குறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் அந்த வாசலில், சிமெண்டுத் தரையில், கார்பெட் போடுகிற மாதிரியே மண்டியிட்டான். வேலையில் முழங்காலுக்கு மாட்டும் உறை இல்லை. வீங்கின முழங்கால் சுரீர் என்றது. அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு உடைந்த கதவுத் தாழ்ப்பாள், எதற்காக உடைந்தது, அவள் அப்போது எங்கே நின்றாள், என்ன நினைத்தாள். குரலை உயர்த்தவில்லை. மச்சினன் சுவரோரம் உட்கார்ந்து கேட்டான். நடுவில் முட்டி இரண்டு முறை வாயைத் திறந்தான், இரண்டு முறையும் மூடிக்கொண்டான். வெயில் வாசலைத் தாண்டி எதிர்ச்சுவருக்கு ஏறியபோது அவள் மூன்றாம் வருஷத்துக் குடத்துக்கு வந்திருந்தாள். முழங்கால் மரத்துப்போய்விட்டது, ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. பெல்ட்டுக்கு வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது.